வட்டாரத் தொகுப்புப் பதிவுகளில் அட்சரேகை, தீர்க்கரேகை: டிகிரி-நிமிடமா, தசமமா, யூடிஎம்மா?

தகடூர்வாசி

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத் தொகுப்புக்குக் கோஹா என்ற நூலக மென்பொருளில் பதிவு போடும் வேலை தொடங்குகிறது. இருப்பவை மூன்று வகை. சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ தாள்கள், அதில் பழைய ஒரு அங்குலத் தாளும் (ஒரு மைலுக்கு ஒரு அங்குலம்) உண்டு, 1:50,000 தாளும் உண்டு. அடுத்து கிராம வரைபடங்கள். மூன்றாவது நடுகல், கல்திட்டை, கோயில் பற்றிய நூல்கள்.

நூலகப் பதிவு வடிவமான மார்க் 21இல் வரைபட எல்லைகளுக்கான 034 புலத்தில் எந்த வடிவில் எண்ணைப் போடுவது என்பதில்தான் சிக்கல். டிகிரி-நிமிடம்-விநாடி என்கிறார் ஒருவர், தசம டிகிரி என்கிறார் இன்னொருவர், அளக்க எளிது என்று, உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் யூடிஎம்மைச் சொல்கிறார் மூன்றாமவர். பாதி வேலை முடிந்தபின் மாற்றினால் எல்லாத் தாளையும் மறுபடி கையில் எடுக்க வேண்டியிருக்கும். தொடங்கும் முன்பே ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பட்டியலாளர்57

வரைபடத் தாளுக்கு என் பதிலில் தயக்கமே இல்லை சார். தாளில் எது அச்சாகியிருக்கிறதோ, எவ்வளவு நுணுக்கமாக அச்சாகியிருக்கிறதோ, அதை அப்படியே போடுங்கள். சர்வே தாள்கள் டிகிரி-நிமிடத்தில்தான் எல்லை காட்டுகின்றன.

034இல் ஒவ்வொரு எல்லையும் எட்டு இடம் கொண்டது: திசைக்கு ஒன்று, டிகிரிக்கு மூன்று, நிமிடத்துக்கு இரண்டு, விநாடிக்கு இரண்டு. டி உட்புலம் மேற்கு எல்லை, ஈ கிழக்கு, எஃப் வடக்கு, ஜி தெற்கு. தர்மபுரி நகரம் வரும் 57எல்/4 தாளுக்கு இப்படி வரும்:

034 1_ $ஏ ஏ $பி 50000 $டி ஈ0780000 $ஈ ஈ0781500 $எஃப் என்0121500 $ஜி என்0120000

உட்புலக் குறிகளையும் திசையெழுத்துகளையும் இங்கே ஒலிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். பதிவில் அவை ரோமன் எழுத்துகள்தான், அதில் மாற்றம் செய்யக்கூடாது. முதல் குறிகாட்டி 1 என்றால் ஒரே அளவை. அளவை தெரியாத தாளுக்கு அது 0. பி உட்புலத்தில் காற்புள்ளி வராது. ஒரு அங்குலத் தாளுக்கு 63360, அரை அங்குலத்துக்கு 126720, கால் அங்குலத்துக்கு 253440.

அட்சரேகை 90ஐத் தாண்டாது என்பதால் டிகிரிக்கு இரண்டு இடம் போதும் என்று நினைத்து என்121500 என்று எழுதிவிடுவார்கள். அதிகம் நடக்கும் பிழை இதுதான். அதற்கும் மூன்று இடம் வேண்டும்: என்0121500. ஒரு இடம் குறைந்தால் மென்பொருள் 121 டிகிரி என்று படிக்கும், அல்லது பதிவையே விட்டுவிடும்.

கோஹா_கை

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாசகர் வரைபடத்தில் ஒரு கட்டம் வரைந்து தேடுகிறார் என்றால் அடியில் இருக்கும் தேடல் அட்டவணைக்கு வேண்டியது தசமம். இணைய வரைபடம், ஜிபிஎஸ், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் எல்லாமே தசமத்தில்தான் ஓடுகின்றன. மார்க்கும் அதை ஏற்கிறது: திசையெழுத்தோ கூட்டல் கழித்தல் குறியோ, பிறகு மூன்று இட டிகிரி, புள்ளி, தசம இடங்கள். ஈ078.250000 என்பது முழுக்கச் செல்லும். தேதி மாதிரி குழப்பமும் இல்லை, 60ஐ வைத்து வகுக்கும் வேலையும் இல்லை. இன்றைக்குத் தொடங்கும் தொகுப்பு ஏன் பழைய முறையில் போக வேண்டும்?

பட்டியலாளர்57

தாளில் 78°15′ என்று அச்சாகியிருக்கிறது. அதை 78.250000 என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன தோன்றும்? ஆறாவது தசம இடம் தரையில் சுமார் 11 சென்டிமீட்டர். நான்காவது இடம் 11 மீட்டர், இரண்டாவது இடம் 1.1 கிலோமீட்டர். அந்தத் தாளை யாரும் 11 சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கவில்லை. இல்லாத நுணுக்கத்தைப் பதிவு சொல்லிக்கொண்டே இருக்கும், அடுத்து வருபவர் அதை நம்பிவிடுவார்.

60இல் சரியாக வகுபடாத நிமிடங்கள் இன்னும் மோசம். 12°07′ என்பது 12.116666... என்று போகும். ஒருவர் 12.1166 என்று வெட்டிப் போட்டுவிட்டால், திருப்பி மாற்றும்போது 12°06′59.76″ என்று வரும். பக்கத்துத் தாளின் எல்லையோடு அது பொருந்தாது. எல்லை ஒட்டிய தாள்களைத் தேடும்போது ஒன்று விட்டுப்போகும்.

டிகிரி-நிமிடத்திலிருந்து தசமத்துக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். தாளில் என்ன அச்சாகியிருந்தது என்பதைத் தசமத்திலிருந்து மீட்க முடியாது. ஆகவே பதிவில் அச்சான வடிவம், அட்டவணையில் தசமம். மாற்றும் வேலை கணினியுடையது.

கோஹா_கை

வெட்டுவதால் வரும் நட்டம் உண்மைதான். பதிவில் டிகிரி-நிமிடம், அட்டவணைக்கு ஏற்றும்போது தசமம் என்பதை ஏற்கிறேன். அந்த மாற்றத்தைச் சரியாகச் செய்வதுதான் இப்போது கேள்வி, அதில் நான்கு இடத்தில் கால் இடறும்.

ஒன்று, 12°08′ என்பதை 12.08 என்று தட்டுவது. தர்மபுரி நகரம் ஏறத்தாழ 12°08′, 78°09′. தசமத்தில் அது 12.1333, 78.15. புள்ளியை மட்டும் மாற்றி 12.08, 78.09 என்று போட்டால் ஊர் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் தெற்கேயும் 6.5 கிலோமீட்டர் மேற்கேயும் நகர்ந்துவிடும். அதே மாவட்டத்துக்குள்தான் விழும் என்பதால் வரைபடத்தில் பார்த்தாலும் கண்ணில் படாது. நிமிடத்தை 60ஆலும் விநாடியை 3600ஆலும் வகுத்து டிகிரியோடு கூட்ட வேண்டும்.

இரண்டு, திருப்பி மாற்றும்போது 60 விநாடி வருவது. 12.24999ஐப் படிப்படியாகப் பிரித்தால் 12 டிகிரி, 14 நிமிடம், 59.96 விநாடி. அதை முழுமையாக்கினால் 60. பதிவில் என்0121460 என்று ஏறிவிடும், அப்படி ஓர் எண்ணே கிடையாது. முதலில் முழு எண்ணையும் 3600ஆல் பெருக்கி, விநாடிக் கணக்கில் முழுமையாக்கி, பிறகு பிரியுங்கள். 12.24999 × 3600 = 44099.964, முழுமையாக்கினால் 44100. அதை 3600ஆல் வகுத்தால் 12, மீதி 900. அதாவது 15 நிமிடம், 0 விநாடி. இந்த வரிசையில் போனால் 60 வராது.

மூன்று, வரிசை. மார்க்கில் மேற்கு, கிழக்கு, வடக்கு, தெற்கு. சோலார் என்ற தேடல் மென்பொருளின் அட்டவணையில், வரைபடத் தேடல் தளமான ஜியோபிளாக்லைட் கேட்கும் என்வெலப் வடிவமும் இதே வரிசைதான், அது நமக்கு வசதி. ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவம் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். ஐஎஸ்ஓ 6709 தரம் அட்சரேகையை முதலில் வைக்கும். கைபேசி வரைபடத்திலிருந்து நகலெடுத்தாலும் அட்சரேகைதான் முதலில் வரும். இடம் மாறிவிட்டால் தர்மபுரி 78 டிகிரி வடக்கு, 12 டிகிரி கிழக்கில் போய் நிற்கும். அது ஆர்க்டிக் பகுதியில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குக் கரையோரம்.

நான்கு, திசையெழுத்து. கிழக்குக்குப் பதில் மேற்கு எழுத்து விழுந்தால் ஊர் கரீபியக் கடலில் கிடக்கும். வடக்குக்குப் பதில் தெற்கு விழுந்தால் இந்தியப் பெருங்கடல்.

கடைசி இரண்டையும் பிடிக்க எளிய வேலி ஒன்று போடலாம். நம் இரு மாவட்டத்துக்கும் தீர்க்கரேகை 77 முதல் 79க்குள், அட்சரேகை 11.5 முதல் 13க்குள். இதற்கு வெளியே போகும் எந்தப் பதிவையும் ஏற்றாமல் நிறுத்திக் கையால் பார்க்க வேண்டும். முதல் பிழையை இந்த வேலி பிடிக்காது, அதைத்தான் இத்தனை விரிவாக எழுதினேன்.

தகடூர்வாசி

நன்றி இருவருக்கும். இன்னும் இரண்டு கேள்வி. யூடிஎம்மை முற்றிலும் விட்டுவிடலாமா? 255 புலத்தில் வாசகர் பார்க்கும் வரியைத் தமிழில் எழுதலாமா?

நிலவரை_மேசை

யூடிஎம்மைப் பதிவின் அடிப்படையாக வைக்கவே வேண்டாம். காரணம் நம் ஊரின் இருப்பிடமே. யூடிஎம் மண்டலம் 43க்கும் 44க்கும் எல்லை 78 டிகிரி கிழக்கு. அந்தக் கோடு நம் இரு மாவட்டத்துக்கும் குறுக்கே ஓடுகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் 43இல். தர்மபுரி, கிருஷ்ணகிரி, பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை 44இல். ராயக்கோட்டை கோட்டுக்குச் சற்றே கிழக்கே.

அந்தக் கோட்டின் மேலேயே உள்ள ஓர் இடத்துக்கு மண்டலம் 43இல் கிழக்குத் தொலைவு ஏறத்தாழ 8,26,000 மீட்டர் வரும், 44இல் அதே இடத்துக்கு ஏறத்தாழ 1,74,000. மண்டல எண் ஒரு பதிவில் விடுபட்டால் அந்த இடம் 650 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும். தஞ்சாவூரிலோ கோவையிலோ இருப்பவர்கள் ஒரே மண்டலத்தில் வேலை செய்துகொண்டு போகலாம், நமக்கு அந்த வசதி இல்லை.

நில அளவையாளர் லாம்ப்டன் 1802இல் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய அளவையில், தெற்கு வடக்காக நீண்ட பெருவில் இந்த 78 டிகிரியை ஒட்டித்தான் போனது. தீர்க்கரேகை நம் ஊருக்குப் புதிது இல்லை.

78ஆம் கோடு தாள் எண்ணிலும் பிரிவு போடுகிறது. அதற்கு மேற்கே 57எச், கிழக்கே 57எல். ஓசூர் 57எச்/14, ஒகேனக்கலும் பென்னாகரமும் 57எச்/16, கிருஷ்ணகிரி நகரம் 57எல்/2. 12 டிகிரிக்குத் தெற்கே போனால் 57 முடிந்து 58 தொடங்கும், பாப்பிரெட்டிப்பட்டி 58ஐ தாளில் வரும். தாள் எண்ணிலிருந்தே எல்லையைக் கணக்கிடலாம் என்பதால் இது நல்ல சரிபார்ப்பு. ஒரு டிகிரிக் கட்டத்தில் 16 தாள், ஒவ்வொன்றும் 15 நிமிடம். வடமேற்கு மூலையில் 1, கீழ்நோக்கி 2, 3, 4, பிறகு அடுத்த நிரல் மேலிருந்து 5. பதிவில் தட்டிய எல்லையும் தாள் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் ஒன்று தவறு.

அடுத்தது யாரும் கேட்காத ஒன்று, ஆனால் கேட்டிருக்க வேண்டியது: எந்தத் தளம், அதாவது ரேகைகளை எந்தப் பூமி வடிவத்தின் மேல் கணக்கிட்டார்கள். பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தின் மேல் வரையப்பட்டவை. 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுத் தாள்கள் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84இல். ஒரே டிகிரி-நிமிட-விநாடியை இரண்டிலும் குறித்தால் தரையில் நூறு மீட்டருக்கு மேல் விலகும். ஒரு தாளின் வடக்கு-தெற்கு நீளமே 27 கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால் தாளின் எல்லைக்கு இது பொருட்டில்லை, மாற்றாமல் அச்சானபடியே போடுங்கள். தாளிலிருந்து ஒரு கிணற்றையோ கல்திட்டையையோ படித்து எடுக்கிறீர்கள் என்றால் பொருட்டு உண்டு. 500 பொதுக்குறிப்பில் 'எவரெஸ்ட் தளம், மாற்றப்படவில்லை' என்று ஒரு வரி எழுதுங்கள்.

மிகப் பழைய தாள்களில் ஓரக்குறிப்பையும் படிக்க வேண்டும். சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகைக்குப் பழைய மதிப்பைக் கொண்டு வரையப்பட்ட தாள்களில், இவ்வளவு நிமிடம் கழிக்க வேண்டும் என்று குறிப்பு இருக்கும். தீர்க்கரேகையில் ஒரு நிமிடம் நம் பகுதியில் சுமார் 1.8 கிலோமீட்டர், விட்டுவிடக்கூடிய அளவு இல்லை. 255இல் அச்சானபடி, 034இல் திருத்திய எண், திருத்தம் எவ்வளவு என்பது 500இல்.

பட்டியலாளர்57

255 பற்றி. அது வாசகர் கண்ணுக்கானது, பட்டியலிடும் மொழியில் எழுதலாம். தமிழ்ப் பதிவாக இருந்தால் சி உட்புலத்தில் இப்படி:

(கி 78°00′--கி 78°15′/வ 12°15′--வ 12°00′)

மேற்கிலிருந்து கிழக்கு, சாய்கோடு, வடக்கிலிருந்து தெற்கு. 034 மட்டும் எப்போதும் ரோமன் எழுத்தில். 034 இருக்கிறது என்று 255ஐ விட்டுவிட வேண்டாம், பல திரைகளில் 034 வாசகருக்குத் தெரியவே தெரியாது.

டிகிரிக் குறியில் கவனம் வேண்டும். சில விசைப்பலகையில் ° என்ற குறிக்குப் பதில் ஸ்பானிய எழுத்தில் வரும் º விழுந்துவிடும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், தேடலில் சிக்காது. நிமிடக் குறிக்கு ஒற்றை மேற்கோள் குறி போடுவதும் அப்படியே. எதைப் போட்டாலும் எல்லாப் பதிவிலும் ஒன்றே இருக்கட்டும்.

பாராமகால்

மாவட்ட எல்லையைப் பதிவில் போடப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இணையத்தில் பக்கம் பக்கமாக நகலாகிவரும் எண்களை அப்படியே எடுக்காதீர்கள். தர்மபுரி மாவட்டத்தின் மேற்கு எல்லை 77°02′ என்று பல இடத்தில் இருக்கிறது. அதை 034இல் போட்டால் கர்நாடகத்தின் கொள்ளேகால் வரை தர்மபுரிக்குள் வந்துவிடும். கிருஷ்ணகிரியின் தெற்கு எல்லை 11°12′ என்றும் பார்க்கலாம். சேலம் நகரமே 11°39′ அளவில்தான் இருக்கிறது, 11°12′ என்பது நாமக்கல் பக்கம். இந்த இரண்டு எண்ணையும் கோஹா_கை சொன்ன வேலிக்குள் வைத்துப் பாருங்கள். 11°12′ வெளியே விழும், 77°02′ உள்ளேயே தப்பிவிடும். எல்லையை மாவட்ட வடிவக் கோப்பிலிருந்து கியூஜிஐஎஸ்ஸில் கணக்கிட்டு எடுப்பதே பாதுகாப்பு.

இதைவிடப் பெரிய விஷயம், எந்தத் தர்மபுரி? சேலம் மாவட்டத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது 1965 அக்டோபர் 2இல். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9இல். ஆகவே 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 'தர்மபுரி மாவட்டம்' ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் சேர்த்தது. அந்த நூலுக்கு இன்றைய எல்லையைப் போட்டால் ஓசூரைத் தேடுபவருக்கு அது கிடைக்காது. 1792 ஒப்பந்தத்தில் கம்பெனி கைக்கு வந்த பாராமகால் இன்னும் அகலம், திருப்பத்தூர்ப் பக்கமும் அதில் சேரும்.

வழி இருக்கிறது. இடப்பெயரின் அதாரிட்டி பதிவிலும் (பெயரை நிலைப்படுத்தி வைக்கும் தனிப் பதிவு) 034 உண்டு. எக்ஸ் உட்புலத்தில் தொடக்க ஆண்டு, ஒய் உட்புலத்தில் முடிவு ஆண்டு. தர்மபுரி மாவட்டத்துக்கு ஒரே அதாரிட்டி பதிவில் இரண்டு 034: ஒன்று 1965 முதல் 2004 வரைக்கான பெரிய கட்டம், இன்னொன்று 2004 முதல். புலம் மீண்டும் வரலாம் என்பதால் இதில் தடை இல்லை. நூல் பதிவில் இடப்பெயர்த் தலைப்புக்கான 651இல் பெயரை இணைத்தால் போதும், ஒவ்வொரு நூலிலும் எண்ணைத் தட்ட வேண்டியதில்லை. பின்னால் எல்லையைத் திருத்த நேர்ந்தால் ஒரே இடத்தில் திருத்தலாம்.

குறிஞ்சி

நடுகல், கல்திட்டை நூல்களுக்கு இதையேதான் நானும் சொல்ல வந்தேன், ஒரு வேறுபாட்டோடு. நூலுக்குள் ஒவ்வொரு கல்லுக்கும் ஆசிரியர் ஜிபிஎஸ் எண் கொடுத்திருக்கலாம். அதைப் பதிவுக்குக் கொண்டுவர வேண்டாம். காட்டோரத்தில், காவல் இல்லாமல் நிற்கும் கல்லின் இடத்தை ஆறு தசம இடத்தில் தேடலில் திறந்துவைத்தால் திருடுபவருக்கும் வழி காட்டியதாகிவிடும். மல்லச்சந்திரம் போல எல்லாருக்கும் தெரிந்த இடம் வேறு. மற்றவற்றுக்கு ஊரின் புள்ளியை நிமிட அளவில் நிறுத்துங்கள், சுமார் 2 கிலோமீட்டர் வட்டாரம் தெரியும், ஆய்வாளருக்கு அது போதும். துல்லியம் வேண்டியவர் நூலை எடுத்துப் படிக்கட்டும்.

புள்ளியைக் குறிக்கும்போது டிஉம் ஈஉம் ஒரே எண், எஃப்உம் ஜிஉம் ஒரே எண். ஒன்றைப் போட்டு மற்றதை வெற்றாக விட்டால் கட்டமாக வரைய முடியாமல் அட்டவணை அந்தப் பதிவைத் தள்ளிவிடும்.

தகடூர்வாசி

குறிஞ்சி மேடம் சொன்னதை அப்படியே விதியாக எழுதிக்கொள்கிறேன். கிராம வரைபடத்தில் அட்சரேகையே இல்லையே, அதை என்ன செய்வது?

நிலவரை_மேசை

கிராம வரைபடம் சர்வே எண்ணோடு நிற்கும், உலக ரேகை அதில் வராது. 16 அங்குலம் ஒரு மைல் என்ற பழைய வரைபடத்துக்கு அளவை 3960. எல்லையை நாம்தான் கொடுக்க வேண்டும்.

வரைபடத்தை வருடி கியூஜிஐஎஸ் ஜியோரெஃபரன்சரில் ஏற்றுங்கள். குறைந்தது நான்கு கட்டுப்புள்ளி, மூலைகளுக்குப் பரவலாக. முச்சந்திக் கல், ஏரிக்கரையின் முனை, பழைய கோயில், பாறைக் குன்று இவை நம்பகமானவை. ரோட்டு வளைவை எடுக்காதீர்கள், சாலை அகலப்படுத்தியதில் நகர்ந்திருக்கும். ஓடைச் சந்திப்பும் வேண்டாம். ஒரே வரிசையில் நான்கு புள்ளி வைத்தால் குறுக்கே வரைபடம் இழுபட்டுவிடும். மடிப்பும் ஈரமும் பட்ட துணி ஒட்டிய தாளுக்கு ஆறு ஏழு புள்ளி வைத்துப் பிழை அளவைப் பாருங்கள், ஒரு புள்ளி மட்டும் மிக விலகினால் அதை நீக்கிவிட்டு வேறு எடுங்கள். கிடைக்கும் எல்லையை அருகிலுள்ள 10 விநாடிக்கு வெளிப்பக்கமாக விரித்து எழுதினால் போதும். பத்து விநாடி என்பது சுமார் 300 மீட்டர்.

255இல் இதைச் சதுர அடைப்புக்குள் வையுங்கள், தாளில் இல்லாததை நாம் கொடுத்தோம் என்று தெரியும். கிராமம் கோணலாக நீண்டிருந்தால் 034இல் எஸ், டி என்ற இணை உட்புலங்களால் பலகோணமாகவும் கொடுக்கலாம், முதல் முனையும் கடைசி முனையும் ஒன்றாக இருக்க வேண்டும். எஸ்ஸில் அட்சரேகை, ரோமன் வரிசையில் அடுத்து வரும் டியில் தீர்க்கரேகை. மேற்கு எல்லைக்கான டியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு எழுத்து. நூறு கிராமத்துக்கு இதைச் செய்யும் நேரத்தில் ஐந்நூறு கிராமத்துக்குக் கட்டம் போட்டுவிடலாம் என்பதால் நான் கட்டத்தோடு நிறுத்துவேன்.

கோஹா_கை

கடைசியாக ஏற்றும் முறை. எக்செல்லில் திசை, டிகிரி, நிமிடம், விநாடியைத் தனித்தனி நிரலாக வையுங்கள், எல்லா நிரலும் தொடக்கத்திலேயே உரை வடிவில். இல்லாவிட்டால் 078 என்று தட்டியது 78 ஆகிவிடும், 12-08 என்று ஒரே கட்டத்தில் தட்டினால் அது தேதியாக மாறிவிடும், பழைய எண் திரும்ப வராது. டிகிரியை மூன்று இடத்துக்கும் மற்றவற்றை இரண்டு இடத்துக்கும் நிரப்பிச் சேர்த்த நிரலில் எழுத்து எண்ணிக்கை 8 அல்லாத வரிகளைச் சிவப்பாக்குங்கள். நிமிடமோ விநாடியோ 59ஐத் தாண்டினாலும் சிவப்பு. மேற்கு எல்லை கிழக்கைவிடப் பெரிதாக இருந்தாலும், தெற்கு வடக்கைவிடப் பெரிதாக இருந்தாலும் சிவப்பு.

கோப்பை யூடிஎஃப்-8 எழுத்துக் குறிமுறையில் சேமித்து, மார்க் பதிவுகளைத் திருத்தும் மார்க்எடிட்டில் திறங்கள். குறிமுறை தவறினால் டிகிரிக் குறிக்கு முன் தேவையில்லாத எழுத்து ஒன்று முளைக்கும், 255இல்தான் அது தெரியும். கோஹா பட்டியல் சட்டகத்தில் 034இன் டி முதல் ஜி வரை மறைந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மறைந்திருந்தால் கையால் திருத்த வருபவர் கண்ணுக்கே படாது.

முதல் சுற்றில் ஐந்து தாள் மட்டும் ஏற்றுங்கள்: 57எச்/14, 57எச்/16, 57எல்/2, 57எல்/4, 58ஐ தாள்களில் ஒன்று. 78 டிகிரிக் கோட்டின் இரு பக்கமும், 12 டிகிரிக்கு மேலும் கீழும் இதில் வந்துவிடும். வரைபடத்தில் பென்னாகரத்தைச் சுற்றி ஒரு சின்னக் கட்டம் வரைந்து தேடுங்கள். 57எச்/16 மட்டும் வர வேண்டும். 57எல்/4உம் சேர்ந்து வந்தால் அதன் மேற்கு எல்லையில் எங்கோ ஓர் எண் மாறியிருக்கிறது, மீதித் தாள்களை ஏற்றாமல் அதைத் தேடுங்கள்.